ஆயில் சம்பைத் திரும்ப மாட்டும்போது...

(வானொலி உரை)



இந்த நேரத்தில் வழக்கமாக சம்பாவைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு சம்பா இல்லை, சம்பு. ஜீப், கார், குட்டியானை என்று நாம் செல்லமாகச் சொல்கிற சின்ன லோடு வண்டி, இவற்றின் எஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டி தொங்குகிறதே, அந்த ஆயில் சம்பு. சிலர் ஆயில் சேம்பர் என்றும் சொல்வார்கள். வீட்டில் தரைக்கு அடியில் தண்ணீர் தேக்கச் சம்பு கட்டுகிறோம் இல்லையா? அதே வேலைதான் இதுக்கும். அங்கே தண்ணீர், இங்கே ஆயில்.

அடியில் கிடக்கிற ஆயிலை ஒரு சின்ன பம்பு உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அது பில்டர் வழியாகப் போய் கிராங்கு, மெட்டல், மேலே வால்வு என்று எல்லா இடத்தையும் நனைத்துவிட்டுத் திரும்பவும் சம்பிலேயே வந்து விழுகிறது. பம்புக்குப் போகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. நம் பம்புசெட்டில் புட்வால்வுக்கு அடியில் சல்லடை இருக்கிற மாதிரி. இந்தச் சல்லடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இந்தச் சம்பு இரண்டு காரணத்தால் கழற்றப்படுகிறது. ஒன்று, ரோடு. புவனகிரி, காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு பக்கம் வாய்க்கால் கரையிலும் வண்டிச்சோடை விழுந்த மண் பாதையிலும் நெல் மூட்டை ஏற்றி ஓட்டுகிறோம். வண்டி பாரத்தில் தணிந்துவிடும். நடுவில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அடிபடுவது சம்புதான். இன்னொன்று, வெள்ளம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டமே மிதந்தது. 2018-லும் 2022-லும் ஆகஸ்ட் மாதம் கொள்ளிடத்தில் வந்த தண்ணீர் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீர் நின்ற வண்டிக்கும் ஆயில் எஞ்சினுக்கும் சம்பைத் திறந்து கழுவ வேண்டியதாகிவிடுகிறது.

கழற்றுவது பெரிய காரியம் இல்லை. போல்ட்டுகளை எடுத்தால் வந்துவிடும். திரும்ப மாட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சரியாக மாட்டாத சம்பு சொட்டுச் சொட்டாக ஒழுகும். நாமும், சொட்டுத்தானே என்று இருந்துவிடுவோம். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கும் வயலுக்குமாக நாலு நாள் ஓடினால் அந்தச் சொட்டெல்லாம் லிட்டராகிவிடும். ஆயில் வற்றிய எஞ்சினில் மெட்டல் அடித்துப் போகும், கிராங்கு பிடித்துக்கொள்ளும். அப்புறம் எஞ்சினைப் பிரித்து, கிராங்கை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி, புது மெட்டல் வாங்கி... ஒரு பேக்கிங் விலையில் முடிந்திருக்க வேண்டிய காரியம், ஒரு போக நெல்லின் லாபத்தை விழுங்கிவிடும்.

சம்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுகுவது சம்புதானா? ஆயில் எங்கே கசிந்தாலும் கீழேதான் இறங்கும். மேலே வால்வு மூடியில் கசிந்தது, பில்டர் வாயில் கசிந்தது, ஆயில் பிரஷர் ஸ்விட்சில் கசிந்தது, எல்லாமே கடைசியில் சம்பின் மேல் வந்து நிற்கும். எஞ்சின் ஆறியபின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைச் சம்பின் விளிம்பிலும் அதற்கு மேலேயும் தூவி விடுங்கள். பத்து நிமிஷம் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஆயில் வந்த வழி வெள்ளைப் பவுடரில் கோடாகத் தெரியும். கோடு மேலே இருந்து வந்தால் சம்பைத் தொடவே வேண்டாம்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல டிராக்டர்களில் சம்பு வெறும் தொட்டி அல்ல. கனத்த இரும்பு வார்ப்பு அது, டிராக்டரின் முதுகெலும்பில் ஒரு பகுதி. முன் அச்சின் பாரமும் அதன் வழியாகத்தான் தாங்கப்படுகிறது. காரில் கழற்றுகிற மாதிரி அதைக் கழற்றினால் வண்டியே நடுவில் பிரிந்து உட்காரும். அது பட்டறை வேலை. நான் இப்போது சொல்வதெல்லாம் கார், ஜீப், சிறு லோடு வண்டிகளுக்கு. அவற்றிலும் சிலவற்றில் எஞ்சினைச் சற்றுத் தூக்கினால்தான் சம்பு வெளியே வரும். அப்படி இருந்தால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் போட்டுப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் சம்பின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் திறங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும், அதுதான் முதலில் வரும். எஞ்சினை ஓட்டிவிட்டிருந்தால் இரண்டும் கலந்து, பால் ஊற்றின காப்பி நிறத்தில் வரும். அப்படி வந்தால் பழைய ஆயில், பில்டர் இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகிற விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். நம்ம மண் களிமண். மழை பெய்த மண்ணில் ஜாக்கி வைத்தால் காய்ந்த மாதிரி தெரிகிற தரையிலும் மெல்ல மெல்ல இறங்கும். சிமெண்டுக் களத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வைத்து அதன் மேல் வண்டியை இறக்கிவிட வேண்டும். ஸ்டாண்டு இல்லையா, பட்டறையில் வாடகைக்குக் கேளுங்கள். செங்கல்லை அடுக்கி வைப்பது கூடவே கூடாது. செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தனியாக அடியில் படுப்பதும் வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

சரி, சம்பு கையில் வந்துவிட்டது. முதலில் அதன் அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் கறுப்புக் குழம்பு என்றால் பயமில்லை. ஆயிலில் மின்னுகிற பொடி, செம்பு நிறத் துணுக்கு, இரும்புச் சீவல் கிடந்தால் மேலே மெட்டல் தேய்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் சம்பை மட்டும் மாட்டி என்ன பிரயோஜனம்? சல்லடையையும் இந்த நேரத்திலேயே பார்த்துக் கழுவிவிடுங்கள்.

கல் அடித்து ஓட்டை விழுந்த தகட்டுச் சம்பைக் கேஸ் வெல்டிங்கில் அடைக்கலாம். ஆயில் பசை முழுக்கப் போகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அடைத்துக்கொண்டு வந்ததும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். வெல்டிங் வைத்த இடத்தில் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். ஊசி முனை அளவு துவாரம் இருந்தாலும் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக்கறை தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அது விளிம்பு. சம்பின் வாயைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கிறது, அதில் வரிசையாகப் போல்ட்டுத் துவாரம். முன்பு யாரோ பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருப்பார்கள். அப்போது துவாரத்தைச் சுற்றியுள்ள தகடு எஞ்சின் பக்கமாகக் குமிழ் மாதிரி எழும்பியிருக்கும். திரும்ப மாட்டும்போது அந்தக் குமிழ்கள் மட்டும் எஞ்சினைத் தொடும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் சந்து விழும். அந்தச் சந்தில்தான் ஆயில் ஒழுகும். ஒழுகுதே என்று இன்னும் இறுக்குவோம். குமிழ் இன்னும் எழும்பும், சந்து இன்னும் பெரிதாகும். ‘இறுக்கினா நின்னுடும்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தகட்டுச் சம்பைப் பொறுத்தவரை இறுக்கினால்தான் ஒழுகும்.

சம்பைக் கவிழ்த்து ஒரு தட்டையான கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால், அல்லது அடியில் வெளிச்சம் தெரிந்தால் விளிம்பு கெட்டிருக்கிறது. அதைச் சரி செய்ய வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, விளிம்புக்கு அடியில் ஒரு வழவழப்பான இரும்புக் கட்டையோ வைரம் பாய்ந்த மரக்கட்டையோ முட்டுக்கொடுத்து, குமிழின் மேல் சின்னச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டுவதும் கண்ணாடி மேல் வைத்துப் பார்ப்பதுமாக நாலைந்து தடவை ஆகும். பொறுமையாகச் செய்யுங்கள். இது தகட்டுச் சம்புக்குத்தான். அலுமினிய வார்ப்புச் சம்பைத் தட்டினால் விண்டுவிடும். அது கோணியிருந்தால் பட்டறையில் காட்ட வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும்.

பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருப்பதை மழுங்கின கத்தியால் சுரண்டலாம். அலுமினியம் என்றால் கத்தி வேண்டாம், மூங்கில் பட்டையைச் சீவி அதனால் சுரண்டுங்கள். கீறல் விழுந்தால் அந்தக் கீறலே வாய்க்காலாகிவிடும். எஞ்சின் பக்கத்திலும் இதே மாதிரி சுத்தம் செய்ய வேண்டும். சுரண்டிய துணுக்கு மேலே கிராங்குப் பக்கம் போய் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பதற்குப் பழைய வேட்டித் துணிதான் நல்லது. பட்டறையில் வைத்திருக்கிற நூல் வேஸ்டு வேண்டாம். அதன் இழை உள்ளே தங்கி, நான் சொன்னேனே அந்தச் சல்லடை, அதில் போய்ச் சேரும்.

இதில் அவசரப்படுகிறவர்கள் கெடுக்கிற இடம் ஒன்று உண்டு. சம்பு கழற்றிய எஞ்சினிலிருந்து ஆயில் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். விளிம்பைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடி ஆயில் படிந்திருக்கும். எண்ணெய் தடவிய சுவரில் போஸ்டர் ஒட்டுமா? முடிந்தால் ஒரு ராத்திரி சொட்ட விட்டுவிடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். காலையில் மாட்டுவதற்குச் சற்று முன்னால், தின்னரில் நனைத்த துணியால் இரண்டு பக்க விளிம்பையும் கடைசியாக ஒருமுறை துடையுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

பேக்கிங்கில் பல வகை உண்டு. கார்க், காகிதம், ரப்பர். சில வண்டிகளில் பேக்கிங்கே கிடையாது, சிலிக்கான் பசை மட்டும்தான். வண்டிக்கு எது வந்ததோ அதையே போடுங்கள். கடையில் ரொம்ப நாள் கிடந்த கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கி, துவாரம் சேராமல் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு மாட்டலாம். பழைய அம்பாசடரில் - அது 2014-லேயே நின்றுபோன வண்டி, ஆனால் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது - பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேக்கிங்கும், முன்னும் பின்னும் வளைவான இடத்துக்குத் தனியாகக் கார்க் துண்டுகளும் வரும். அந்தத் துண்டு பக்கத்துப் பேக்கிங்கோடு சேருகிற மூலைகளில் மட்டும் ஒரு பொட்டுப் பசை வைக்க வேண்டும். பொதுவாகவே இரண்டு பாகம் சேருகிற மூலைதான் ஒழுகும்.

மாட்டும்போது பேக்கிங் நழுவாமல் இருக்கப் பழைய மெக்கானிக்குகள் ஒரு காரியம் செய்வார்கள். துவாரத்தோடு துவாரம் சேர்த்துத் தையல் நூலால் பேக்கிங்கைச் சம்பின் விளிம்போடு நாலைந்து இடத்தில் கட்டிவிடுவார்கள். மாட்டிய பிறகு நூல் அங்கேயே இருந்தாலும் தொந்தரவில்லை.

சிலிக்கான் பசை வந்த பிறகு நம் ஆட்களுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. சப்பாத்திக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி டியூபையே பிதுக்கிவிடுகிறார்கள். அதிகமான பசை வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அது காய்ந்து, சூட்டில் துணுக்காகப் பிய்ந்து, ஆயிலில் மிதந்து, சல்லடையின் வாயை அடைக்கும். சம்பு நிறைய ஆயில் இருக்கும், மேலே ஒரு சொட்டுப் போகாது. புட்வால்வில் பாசி அடைத்த பம்புசெட் மாதிரிதான். வெளியே ஒழுகுகிற சம்பையாவது கண்ணால் பார்க்கலாம். இது தெரியாது.

சிலிக்கான் மட்டும் போடுகிற வண்டியில் 3 மில்லிமீட்டர் பருமனுக்கு ஒரே கோடாக, இடையில் அறாமல், போல்ட்டுத் துவாரத்துக்கு உள்பக்கமாக இழுங்கள். ஆயில் தாங்கும் வகைதானா என்று டியூபின் மேல் பார்த்து வாங்குங்கள். பூசிய பத்து நிமிஷத்துக்குள் மாட்டிவிட வேண்டும். ஆகவே போல்ட்டு, ஸ்பானர், கைக்கு ஓர் ஆள் எல்லாம் தயாரான பிறகே டியூபைத் திறங்கள். ரப்பர் பேக்கிங்குக்கும் கார்க்குக்கும் மேலே சிலிக்கானைக் கனமாகப் பூசாதீர்கள். இறுக்கும்போது வழுக்கி வெளியே வந்துவிடும்.

இனி போல்ட்டு. எல்லாப் போல்ட்டையும் கழுவித் துடைத்து வையுங்கள். எஞ்சினில் போல்ட்டு ஏறுகிற துவாரம் சிலவற்றில் மறுபக்கம் அடைத்திருக்கும். அதில் ஆயில் தேங்கியிருந்தால் போல்ட்டு கடைசிவரை ஏறாது, மீறி முறுக்கினால் வார்ப்பு விண்டுவிடும். துணியைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள். பிறகு ஒருவர் சம்பை இரு கையாலும் மட்டமாகத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் நாலு மூலைக்கும் போல்ட்டு வைக்கட்டும். ஒருமுறை தொட்டபின் சம்பை அப்படி இப்படி நகர்த்தக் கூடாது. எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே ஏற்றுங்கள். விரலால் ஏறாத போல்ட்டு மரை மாறி ஏறுகிறது. கழற்றித் திரும்ப வையுங்கள். கடைசிப் போல்ட்டு வரை விரலால் ஏற்றிய பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

இறுக்குவது நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுவில் இடப்பக்கம் ஒன்று, எதிரே வலப்பக்கம் ஒன்று, பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்குங்கள். முதல் சுற்றில் தொட்டால் போதும், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் முழுசு.

முழுசு என்றால் எவ்வளவு? 10-ஆம் நம்பர் ஸ்பானர் பிடிக்கிற 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். கார்க் பேக்கிங் என்றால் அதைவிடக் குறைவு. வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்தால் அதுவே கணக்கு. டார்க் ரெஞ்சு இல்லாத வீட்டில் இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். போல்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பானரைப் பிடித்து, பத்து கிலோ எடையைத் தூக்குகிற அளவுக்கு இழுத்தால் அந்த இறுக்கம் வந்துவிடும். அதே பத்து கிலோ இழுப்பை ஒரு முழ நீளக் கம்பியில் இழுத்தால் நாலரை மடங்கு ஆகிவிடும். போல்ட்டு கழுத்தோடு முறியும். முறிந்த துண்டை எடுக்க லேத்துக்காரரைக் கூப்பிட வேண்டும். ஆகவே கட்டை ஸ்பானரை எடுத்து, மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோளைக் கொடுக்காதீர்கள்.

டிரெயின் போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம்.

ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் அடிப்பெட்டியே ஆயில் தொட்டி. தனிச் சம்பு இருக்காது. பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கும். மேலே சொன்ன சுத்தமும் இறுக்கும் முறையும் அந்தக் கதவுக்கும் பொருந்தும். அதன் காகிதப் பேக்கிங்கை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பேக்கிங் காகிதத்தைக் கதவின் மேல் விரித்து, விளிம்பில் உருண்டைத் தலைச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால் அச்சு விழுந்து தானே அறுபடும். இன்னொன்று, வாய்க்கால் கரையில் சரிவாக வைத்த எஞ்சினில் ஆயில் குச்சி பொய் சொல்லும். மட்டமாக வைத்துப் பாருங்கள்.

சிலிக்கான் போட்டிருந்தால் டியூபில் எழுதியிருக்கிற நேரம் காயவிட்டு, சாதாரணமாக ஒரு நாள் ஆகும், அதற்குப் பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். புது பில்டர் போட்டு, குச்சியில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே போகக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஆயில் விளக்கையே பாருங்கள். சில நொடியில் அணைந்துவிட வேண்டும். பத்து நொடி ஆகியும் எரிந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். ஆயில் எஞ்சினில் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்துக் கையால் இருபது சுற்றுச் சுற்றிவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம். விளக்கு அணைந்து எஞ்சின் ஓடியபின் நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி குச்சியைப் பாருங்கள். பில்டருக்குள் போன அளவு குறைந்திருக்கும், அதை ஊற்றிச் சரிக்கட்டுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நம் வடிகால் தண்ணீர் கடைசியில் பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழிக்குத்தான் போகிறது. அங்கே இறாலும் நண்டும் மீனும் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வயலில் பாய்ந்தாலும் தண்ணீர் மேல் படலமாக நின்று பயிரைக் கெடுக்கும். சட்டப்படி பழைய ஆயில் அபாயக் கழிவு வகையைச் சேர்ந்தது. ஒரு கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரித்து அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிய அன்று ராத்திரி வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் பொட்டு விழுந்திருந்தால் அதற்கு நேர் மேலே எந்தப் போல்ட்டு என்று பாருங்கள். முதலில் துடைத்துவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம். மாட்டும்போது வழிந்த ஆயிலாகவும் இருக்கும். கார்க் பேக்கிங் சூடாகி ஆறினால் சற்றுப் படியும். ஆகவே நாலைந்து நாள் ஓட்டியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது, எல்லாப் போல்ட்டையும் அதே நடுவிலிருந்து ஓரம் என்ற வரிசையில் ஸ்பானரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நழுவினது மட்டும் கால் சுற்று ஏறும். சிலிக்கான் போட்டதைத் தொட வேண்டாம். காய்ந்த பசையை மறுபடி இறுக்கினால் விட்டுப்போகும்.